கடற்பாசியும் பிள்ளைகளின் பற்களும்

இரமலான் நோன்புக் காலத்தில் ஏர்வாடிக்கோ கீழக்கரைக்கோ செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டுமாயின், மாலை வேளையில் அங்குள்ள இசுலாமிய அன்பர் இல்லங்களில் நோன்புக் கஞ்சியோடு மற்றொரு தட்டும் நம் முன் வைக்கப்படும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, சாய்சதுரமாக அறுத்த வெண்ணிறத் துண்டுகள் அதிலிருக்கும். தொட்டால் நடுங்கும், நாவிலிட்டால் குளிரும். கடற்பாசி என்பது அதன் பெயர். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் புதுநன்மை விருந்திலும் நம் இல்லங்களிலும் அதனைச் செய்வதுண்டு. கடைக்காரரிடம் 'சைனா கிராஸ்' என்று கேட்டால், காய்ந்த வெண்ணார் போன்ற ஒன்றைப் பொட்டலமாகத் தருவார்.

இந்தக் கடற்பாசியைப் பற்றித் தாய் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். "கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஒருவகைச் சர்க்கரை, பல்லைச் சொத்தையாகாமல் காக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மைதானா? உண்மையானால் பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாக இதையே கொடுத்துவிடலாமா?" என்பது அவ்வினா. ஐந்து வயது நிரம்பிய அவருடைய மகன் முதல்நாள் இரவு முழுவதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். பல்வலியால் துடிக்கும் பிள்ளையோடு விழித்திருந்த தாயின் வினாவுக்கு மேலோட்டமாக விடை கூறுவது தகாது. ஆதலின் இத்திங்கள் நம் பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுவோம். அவர் கேள்வியுற்றது ஓரளவு உண்மை. ஆனால் அந்த உண்மையை முழுதும் அறியாமல் கையாண்டால், பயனைவிட ஏமாற்றமே மிகும். எவ்வாறு என்பதை அறிய, அந்தப் பாசி விளையும் கடலுக்கே சென்று தொடங்குவது நலம்.

ஏர்வாடிக் கடலில்

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி என்றவுடன் பலர் நினைவுக்கும் வருவது அங்குள்ள தர்கா. மனநோயுற்ற தம் உறவினர்க்குக் குணம் வேண்டி அங்கு வருவோர், சாதி சமய வேறுபாடின்றிப் பலர். அவர்களைப் பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்பொழுது தர்காவைக் கடந்து கடற்கரைக்குச் செல்வோம்.

மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற கடல் அது. பவளப் பாறைகளும் சிறு தீவுகளும் நிறைந்தது. அந்தப் பாறைகளின்மேல் பலவகைப் பாசிகள் தழைக்கின்றன. கரையோர மக்கள் அவற்றுக்கு அழகழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். மரிக்கொழுந்துச் செடியின் தளிரைப் போன்றிருப்பது மரிக்கொழுந்துப் பாசி. கஞ்சியிலிட்டுக் காய்ச்சப்படுவது கஞ்சிப்பாசி. இவ்விரண்டும் சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தவை. கடற்பாசி இனிப்புக்குரிய 'அகார்' என்னும் பொருள் இவற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பழுப்புப் பாசி இனத்தில் கட்டக்கோரையும் பக்கடாப் பாசியும் உண்டு. அவற்றிலிருந்து கிடைப்பது 'ஆல்ஜினேட்'. நம் நாட்டில் 1966 முதல் இப்பாசிகள் வாணிகத்துக்காக எடுக்கப்பட்டு வருகின்றன. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்று மண்டபத்தில் இயங்குகிறது. அந்நிலையத்தைச் சேர்ந்தோர், மரிக்கொழுந்துப் பாசியைப் பவளக் கற்களில் கட்டி வளர்த்துப் பார்க்கும் சோதனையை நிகழ்த்திய இடம் இதே ஏர்வாடிக் கடல்தான். ஆக, 'சைனா கிராஸ்' என்று நாம் கேட்டு வாங்குவது பெயரளவில் சீனத்துப் பொருளாயினும், பிறந்த வீடு நம் கடலாக இருக்கக்கூடும்.

இப்பாசியை எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். சேலைக்குமேல் ஆடவர் சட்டை, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் ஒரு பை. மூச்சை அடக்கி மூழ்கி, பாசியைப் பறித்து, எழுந்து மூச்செடுத்து, மீண்டும் மூழ்குகின்றனர். மணிக்கணக்கில் இவ்வாறு உழைத்துக் கரையேறிப் பாசியை மணலில் உலர்த்துகின்றனர். அது வணிகர் கைமாறி ஆலைகளுக்குச் சென்று, வெண்ணாராக உருமாறிக் கடைக்கு வருகிறது. நம் கிண்ணத்தில் நடுங்கும் இனிப்புக்குப் பின்னே இத்தனை மூச்சு இருக்கிறது.

பல் எவ்வாறு சொத்தையாகிறது?

இனி அந்தத் தாயின் வினாவுக்கு வருவோம். பாசியிலுள்ள சர்க்கரை என்பது யாது? அது பல்லுக்கு எவ்வாறு உதவும்? இதனை அறியப் பற்சொத்தையின் பிறப்பை முதலில் அறிய வேண்டும்.

பல்லில் புழு விழுகிறது என்று நம் முன்னோர் எண்ணினர். சொத்தைக்குக் காரணம் புழு அன்று. கண்ணுக்குத் தோன்றாத நுண்ணுயிர்களே. நம் வாயில் வாழும் பல நூறு வகை நுண்ணுயிர்களுள் 'ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்பது முக்கியமானது. 1924-ல் லண்டனில் கிளார்க் என்பார் சொத்தைப் பற்களிலிருந்து அதனைப் பிரித்தறிந்து அப்பெயரிட்டார். நாம் உண்ணும் சர்க்கரையே அதற்கும் உணவு. சர்க்கரையை உண்டு அது இரு செயல்களைச் செய்கிறது. ஒன்று, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து பல்லின்மேல் ஒட்டிக்கொள்கிறது. நாவால் தடவினால் வழவழப்பாகத் தட்டுப்படும் படலம் இவ்வாறு உண்டாவதே. மற்றொன்று, அமிலத்தைக் கழிக்கிறது. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய பற்சிப்பியிலிருந்து சுண்ணச் சத்தைக் கரைத்து வெளியேற்றுகிறது.

ஆயினும் இயற்கை நம்மைக் கைவிடவில்லை. உமிழ்நீர் மெல்ல மெல்ல அந்த அமிலத்தை மட்டுப்படுத்தி, கரைந்த சத்தை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பிள்ளை மற்றொரு மிட்டாயை வாயிலிட்டால், அமிலம் மீண்டும் ஊறும்; உமிழ்நீரின் பணி தொடக்கத்துக்கே திரும்பும். நாள் முழுதும் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்னும் பிள்ளையின் பல்லுக்கு ஓய்வே இல்லை. சொத்தையின் இரகசியம் இதுவே. எவ்வளவு இனிப்பு என்பதைக் காட்டிலும், எத்தனை முறை, எவ்வளவு நேரம் வாயில் தங்கியது என்பதே பெரிது.

கோத்த மணியும் உதிர்ந்த மணியும்

வேதியியலார் கணக்கில் சர்க்கரை என்பது ஒரு பெரிய குடும்பம். தனித்தனி மணிகளாகச் சில உண்டு, குளுக்கோஸ் அவ்வாறானது. இரண்டு மணிகள் இணைந்தது நாம் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை. நூற்றுக்கணக்கான மணிகளைக் கோத்த நெடுமாலைகளும் உண்டு. அகார், ஆல்ஜினேட், 'காராஜீனன்' ஆகிய கடற்பாசிப் பொருள்கள் அத்தகைய நெடுமாலைகளே. சர்க்கரைக் குடும்பத்தில் பிறந்தும் அவற்றுக்கு இனிப்புச் சுவை இல்லை. வெள்ளைச் சர்க்கரையின் இரட்டை மணியை நொடியில் உடைத்து உண்ணும் பல்லரி நுண்ணுயிர், இந்தக் கடல் மாலையை உடைக்க வகையறியாது. உண்ண முடியாததிலிருந்து அமிலம் பிறவாது. அமிலம் பிறவாதபோது பல்லுக்கும் கேடில்லை.

நுண்ணுயிர் தின்ன முடியாத இந்தக் குணத்தை உலகுக்கு உணர்த்தியவர் ஓர் இல்லத்தரசி என்பதை நம் வாசகப் பெண்மணிகள் அறிந்தால் மகிழ்வர். 1881-ல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர், புகழ்பெற்ற இராபர்ட் கோக்கின் வழியில் நுண்ணுயிர்களை வளர்த்து ஆராய்ந்துவந்தார். அக்காலத்தில் அவற்றை வளர்ப்பதற்கு, விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் 'ஜெலட்டின்' பயன்பட்டது. கோடை வெயிலில் அது உருகிற்று. சில நுண்ணுயிர்கள் அதனையே தின்று நீராக்கின. ஆய்வு தடைப்பட்டது. "உம்முடைய பழக்கூழும் இனிப்புகளும் இவ்வெயிலிலும் உருகாதிருப்பது எவ்வாறு?" என்று அவர் தம் மனைவி ஃபேனியிடம் வினவினார். சாவகத் தீவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து தாம் கற்ற அகாரே காரணம் என்றார் அவ்வம்மையார். அது ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வரை உருகாது. நுண்ணுயிரும் அதனைத் தின்னாது. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து கோக் எழுதிய கட்டுரையில் அகார் இடம் பெற்றது. ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயர் இடம் பெறவில்லை. இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கும் தட்டுகள் அகாரால் ஆனவையே. பல்லரி நுண்ணுயிரை வளர்த்து ஆராய்வதும் அதே தட்டில்தான். அடுப்பங்கரையில் ஒரு பெண் அறிந்திருந்த உண்மை, மருத்துவ உலகுக்கே அடித்தளமாயிற்று.

பல் மருத்துவரிடம் சென்றவர்கள் கடற்பாசியை மற்றொரு வடிவிலும் சந்தித்திருப்பர். செயற்கைப் பல் கட்டுவதற்காக வாயில் குழைவான ஒரு பொருளை அழுத்தி அச்செடுப்பார்களே, அது பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட். நாம் பல் துலக்கும் பசைகள் சிலவற்றில், பசை நீர்த்துப் போகாதிருக்கக் காராஜீனன் சேர்க்கப்படுகிறது. நாம் அறியாமலேயே கடற்பாசி நம் பல்லுக்கு ஏவல் செய்துகொண்டிருக்கிறது எனலாம்.

காக்கும் சர்க்கரை உண்டா?

கேடு செய்யாதிருப்பது வேறு, காப்பது வேறு. பல்லைக் காக்கும் பாசிச் சர்க்கரை உண்டா என்பதே தாயின் வினா. இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுவோம்.

முதலாவது 'மானிட்டால்'. விவிலியத்தில் பாலைநிலத்து மக்களுக்குக் கிடைத்த மன்னாவை நாம் அறிவோம். அப்பெயரால் பிற்காலத்தில் அழைக்கப்பட்ட ஒரு மரப்பாலில் முதலில் காணப்பட்டமையால் இதற்கு அப்பெயர் வந்தது. 1844-ல் ஸ்டென்ஹவுஸ் என்னும் அறிஞர் பழுப்புக் கடற்பாசியிலும் இதனைக் கண்டார். நம் கட்டக்கோரையிலும் இது உண்டு. சர்க்கரையைவிட இனிப்புக் குறைந்தது; ஆயினும் இனிப்பது. பல்லரி நுண்ணுயிர்கள் இதிலிருந்து மிகக் குறைவாகவே அமிலம் உண்டாக்குகின்றன. ஆகவே சர்க்கரையில்லா மெல்லும் பசைகளில் இதனைச் சேர்க்கின்றனர். மிகுதியாக உண்டால் வயிற்றுப்போக்கு உண்டாகும் என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது ஜப்பானிலிருந்து. அந்நாட்டுக் கரைகளில் 'ஃபுனோரி' என்றொரு சிவப்புப் பாசி உண்டு. அதைக் காய்ச்சிப் பெறும் பசையைத் துணிக்குக் கஞ்சியிடவும் கூந்தல் கழுவவும் முன்னாளில் பயன்படுத்தினர். அதிலுள்ள 'ஃபுனோரான்' என்னும் சர்க்கரை மாலையை, 'சைலிட்டால்' என்னும் இனிப்போடும் சுண்ணச் சத்தோடும் சேர்த்து ஒரு மெல்லும் பசை அங்கே விற்பனையாகிறது. சத்திழந்த பற்சிப்பியில் மீண்டும் சத்து ஏற அது உதவும் என்று அதன் உறையில் அச்சிட அந்நாட்டு அரசு இசைவளித்திருக்கிறது. கடற்பாசிச் சர்க்கரை பல்லைக் காக்கும் என்னும் செய்திக்கு நாம் காட்டக்கூடிய தெளிவான சான்று இதுவே. ஆனால் அதில் மூன்று பொருள்கள் கூடி வேலை செய்கின்றன. பாசிக்கு மட்டும் அப்பெருமையை உரித்தாக்க இயலாது. அதனை மெல்லும்போது ஊறும் உமிழ்நீருக்கும் அதில் பங்குண்டு.

இவையன்றி, பாசிச் சர்க்கரைகள் பலவும் பல்லரி நுண்ணுயிரைப் பல்லில் ஒட்டவிடாமல் தடுப்பதாக ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கின்றனர். கண்ணாடிக் குழாயில் கண்டது வேறு. ஓயாமல் உண்டும் பேசியும் இயங்கும் வாயில் நிகழ்வது வேறு. ஆதலின் ஆய்வு வளரட்டும் என வாழ்த்தும் நாம், 'சொத்தையை ஒழிக்கும் கடற்பாசி' என்று எவரேனும் பொட்டலம் நீட்டினால் அதற்காகப் பணத்தை இழக்க வேண்டா என்றும் எச்சரிக்கிறோம்.

மேலும் ஒன்று. நம் இல்லத்துக் கடற்பாசி இனிப்பில் அகார் சிறிதளவே. அதில் நாம் கொட்டும் சர்க்கரையோ கிண்ணம் கிண்ணமாக. பாசி பல்லைக் கெடுக்காது என்பதால் சர்க்கரை கெடுக்காமல் விட்டுவிடுமா? தாயின் வினாவின் பிற்பகுதிக்கு இதுவே விடை. மிட்டாய்க்குப் பதிலாகச் சர்க்கரை மிகுந்த கடற்பாசியை நாள்தோறும் கொடுப்பதால் பயனொன்றும் இல்லை.

விலை கொடுத்தவர்கள்

அப்படியாயின் பிள்ளையின் பல்லைக் காக்க உறுதியான வழி எது? அதனை உலகம் கற்றறிந்த வரலாறு துயரமானது. முன்னர் ஏர்வாடி மனநோயாளர்களைக் குறித்து ஒரு சொல் சொல்வோம் என்றது இதற்காகவே.

ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரையொட்டி 'வைப்ஹோம்' என்னும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் ஒன்றிருந்தது. சர்க்கரைக்கும் பற்சொத்தைக்கும் உள்ள தொடர்பை அறிய, 1940-களின் பிற்பகுதியில் அங்கிருந்த நானூற்றுக்கும் மேற்பட்டோரிடம் சோதனை நடந்தது. சிலருக்கு உணவோடு இனிப்பு. சிலருக்கு, பல்லில் நெடுநேரம் ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட டாஃபி, உணவு வேளைகளுக்கு இடையே கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 24 வரை. அவர்கள் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள்; அவர்களுடைய இசைவை எவரும் கேட்கவுமில்லை. சோதனைக்கான செலவில் இனிப்பு வணிகர்களுக்கும் பங்கிருந்தது. 1954-ல் முடிவுகள் வெளியாயின. உணவோடு சேர்த்து உண்ட, ஒட்டாத இனிப்பால் சொத்தை அதிகம் கூடவில்லை. இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்போ பற்களைச் சிதைத்துவிட்டது. இன்று உலகிலுள்ள பல் மருத்துவர் அனைவரும் கூறும் அறிவுரை, அவர்களுடைய வாயில் எழுதிக் கற்ற பாடம்.

இதனை எழுதுகையில் நம் ஏர்வாடியை எவ்வாறு மறப்போம்? 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் அங்கு மனநோயாளர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகையொன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கைக் கையிலெடுத்தது. ஸ்வீடனில் நடந்ததும் ஏர்வாடியில் நடந்ததும் வெவ்வேறு. ஆயினும் தமக்காகப் பேச இயலாதவரைப் பிறர் தம் வசதிக்கேற்ப நடத்தினர் என்பதில் இரண்டும் ஒன்றே. இத்தகைய மனிதரின் வேதனையால் கிடைத்த அறிவு நம் வீட்டு வாசலில் நிற்கும்போது, அதனைக் கேளாமல் விடுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாம் தீங்காகும்.

அவ்வறிவைக் கொண்டு ஸ்வீடன் மக்கள் ஒரு நல்ல வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டனர். பிள்ளைகளுக்கு நாள்தோறும் மிட்டாய் இல்லை. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமையில் மட்டுமே. அந்நாட்டுப் பிள்ளைகள் இன்றும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கின்றனர்.

நம் இல்லத்தில்

நம் நாட்டின் நிலை என்ன? 2002-03-ல் இந்தியப் பல் மருத்துவக் குழு நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. பன்னிரண்டு வயதில் 53.8, பதினைந்து வயதில் 63.1. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் என்றால் நிலைமை விளங்கும். ஆகவே வினவிய தாய்க்கும் மற்றெல்லாத் தாய் தந்தையர்க்கும் நாம் கூற விழைவன இவை.

முதலாவதாக, இனிப்பை உணவோடு கொடுங்கள், இடைவேளைகளில் வேண்டா. பள்ளி விட்டு வரும் வழியில் பெட்டிக்கடை மிட்டாய், மாலையில் பிஸ்கட், படுக்குமுன் சர்க்கரையிட்ட பால் என்று அடுக்காதீர்கள். ஞாயிறு மதிய உணவுக்குப்பின் இனிப்பு என்று குடும்பத்தில் ஒரு முறை வகுத்துக்கொண்டால், பிள்ளைகள் சில வாரங்களில் பழகிவிடுவர்.

இரண்டாவதாக, நாட்டுச் சர்க்கரை பல்லைக் கெடுக்காது என்னும் எண்ணத்தை விடுங்கள். சாயல்குடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டி மணத்திலும் சத்திலும் சிறந்ததுதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே இரட்டை மணிச் சர்க்கரை. நுண்ணுயிர் நிறம் பார்த்து உண்பதில்லை. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதல் சுவைமிக்கது. பல்லில் ஒட்டுவதும் அவ்வாறே. உண்டபின் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

மூன்றாவதாக, இரவில் படுக்குமுன் பல் துலக்காமல் எந்தப் பிள்ளையும் உறங்கலாகாது. உறங்கும்போது உமிழ்நீர் குறைகிறது. காவலன் இல்லாத வேளையில்தான் திருடன் துணிகிறான். ஃபுளோரைடு கலந்த பற்பசையே சொத்தையைத் தடுப்பதாக நெடுங்காலம் மெய்ப்பிக்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊரினர் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நலம். சாம்பலும் செங்கல் பொடியும் பற்சிப்பியைத் தேய்த்துவிடும், அவற்றை விலக்குங்கள்.

நான்காவதாக, பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று அசட்டை செய்யாதீர்கள். பின்வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுவே. ஏறத்தாழ ஆறாவது வயதில், பால் பற்களுக்குப் பின்னே நிலையான கடைவாய்ப் பல் ஒன்று எந்தப் பல்லும் விழாமலே முளைக்கிறது. பால் பல் என்றெண்ணிப் பல தாய்மார் அதனைக் கவனியாது விடுகின்றனர். வாழ்நாள் முழுதும் மெல்ல வேண்டிய பல் அது.

ஐந்தாவதாக, பல்லில் வெண்புள்ளி தோன்றும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். அந்நிலையில் சொத்தையைத் திருப்ப இயலும். குழி விழுந்து வலி தொடங்கியபின் எந்தப் பாசியும் பசையும் அதனை நிரப்பாது. இரவெல்லாம் அழுத அந்த ஐந்து வயதுப் பாலகனை நாம் முதலில் அனுப்பியதும் பல் மருத்துவரிடமே.

விருந்துக்குக் கடற்பாசி செய்ய விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. பாசியைச் சிறிது நீரில் ஊறவைத்து, முழுதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, இளஞ்சூட்டோடு இளநீரும் அதன் வழுக்கையும் சேர்த்து உறையவிடுங்கள். இளநீரின் இயற்கையான இனிப்பே போதும்; சர்க்கரை வேண்டியதில்லை. உணவுக்குப்பின் பரிமாறுங்கள். சிறு குழந்தைகளுக்கு விக்காதிருக்கப் பொடியாக அறுத்துக் கொடுங்கள்.

மூழ்கி எழும் கைகள்

நிறைவாக, அந்தக் கடலுக்கே திரும்புவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளைக் காப்பது நாட்டின் கடமை, அதை மறுப்பாரில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாசியெடுத்த பெண்கள், தங்கள் கடலிலேயே அத்துமீறி நுழைந்தவராயினர். வாயற்ற எளியோராக அவர்கள் இருந்துவிடவில்லை. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விலக்குவது, மாதத்தில் பாசியெடுக்கும் நாள்களைக் குறைத்துக்கொள்வது என்று தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டனர். இம்முயற்சியில் முன்நின்ற பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கான 'சீகாலஜி' விருது 2015-ல் வழங்கப்பட்டது. கோக்கின் கட்டுரையில் ஃபேனியின் பெயர் விடுபட்டதுபோல் இந்தப் பெண்ணின் பெயர் விடுபடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. 2023-ல் இம்மாவட்டத்து வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. நாளை பாசியிலிருந்து மருந்தும் இனிப்பும் பற்பசையும் பெருகுமாயின், அதன் ஆதாயத்தில் மூழ்கியெழும் அந்தப் பெண்களுக்கு நியாயமான பங்கு சேர வேண்டும் என்பதே நம் வேண்டுதல். பிறர் பிள்ளைகளின் பல்லைக் காக்கும் பொருளைக் கடலடியிலிருந்து எடுத்துவரும் தாய், தன் பிள்ளைக்குப் பல் மருத்துவரைக் காட்டக் காசின்றி நிற்பது நீதியன்று.

அடுத்த முறை கடற்பாசிக் கிண்ணம் நம் முன் வரும்போது, துணி சுற்றிய அந்த விரல்களைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். உண்டு முடித்ததும் வாய் கொப்பளிக்கச் செய்வோம். இன்றிரவு விளக்கணைக்குமுன், பிள்ளைகள் பல் துலக்கினார்களா என்று ஒருமுறை கேட்போம். நாமும் அவர்களோடு நின்று துலக்குவோம்.